புளியமரத்தடியும் பீன்பேக்கும்

எங்கள் காலத்தில் பிள்ளைகளுக்கு வந்ததெல்லாம் ஒரே வியாதி. அதன் பெயர் திமிர். மருந்தும் ஒன்றே, முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் பிரம்பு. வியாதியும் மருந்தும் இவ்வளவு தெளிவாக இருந்ததால், பிள்ளை ஏன் இப்படிச் செய்கிறான் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. உடைவதாக இருந்தால் அது பிள்ளையின் மண்டைதான்.

என் பேரனுக்கு இப்போது நாலே முக்கால் வயது. எல்.கே.ஜி. படிக்கிறான். அதற்குள் அவன் பெயரில் சேர்ந்துவிட்ட வியாதிகளின் பட்டியல், இத்தனை வயதில் எனக்கு வந்ததைவிட நீளம். மாடி வீட்டு அம்மா ஏடிஎச்டி என்கிறார். மாப்பிள்ளையின் அக்கா துபாயிலிருந்து ஃபோன் போட்டு, எல்லாம் சாக்லேட்டால் வருவது என்கிறார். அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ‘சென்சரி பிரச்சினை’ என்று எழுத, ஏழெட்டுப் பேர் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். சம்பந்தியம்மா திருஷ்டி என்று சொல்லிப் பூசணிக்காய் உடைக்கச் சொன்னார். என் மனைவி மட்டும் முதல் நாளிலிருந்து ஒரே கட்சி. “வயித்துல பூச்சி இருக்குதுங்க. ராத்திரில பல்லைக் கடிக்கிறான் பாருங்க.”

இரண்டு காலத்தையும் பெங்களூரின் இதே ஹெப்பகோடியில் இருந்து பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தது 1979-இல். பொம்மசந்திராவில் ஒரு வார்ப்படப் பட்டறையில் அவருக்கு வேலை. ஹெப்பகோடி என்றால் அப்போது ராகிக் கொல்லை, திராட்சைத் தோட்டம், நடுவே ஓசூர் ரோடு, அவ்வளவுதான். நாங்கள் இருந்தது லைன் வீடு. பத்துக் குடும்பத்துக்கு ஒரு குழாய். கொஞ்ச காலத்தில், பப்பாளிப் பாலிலிருந்து ஏதோ மருந்துச் சாமான் எடுக்கிறார்களாம் என்று ஒரு கம்பெனியைப் பற்றிப் பெரியவர்கள் அதிசயமாகப் பேசிக்கொள்வார்கள். 1978-இல் தொடங்கிய பயோகான்தான் அது. இன்று மெட்ரோ ஸ்டேஷனே ‘பயோகான் ஹெப்பகோடி’ என்ற பெயரில் நிற்கிறது.

என்னைக் கன்னடப் பள்ளியில் சேர்த்தார்கள். சேர்த்த அன்று அப்பா மேஷ்ட்ருவிடம் கைகூப்பிக்கொண்டு சொன்னதை நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன். “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுடுங்க மேஷ்ட்ரே. தோலை நீங்க உரிச்சிடுங்க.” அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டார். அந்த ஒரு வாக்கியம் எல்லா மொழிக்காரருக்கும் புரிந்தது.

இதில் அப்பாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒடித்து வளர்க்காத முருங்கையும் அடித்து வளர்க்காத பிள்ளையும் உருப்படாது என்று நம்பிய கடைசித் தலைமுறை அவர்களுடையது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கயிற்றில் கையைக் கட்டித் தொங்கவிடும் கோதண்டம், ஒற்றைக் காலில் வானத்தைப் பார்த்து நிற்கும் அண்ணாந்தாள் எல்லாம் தாத்தா வாங்கிய தண்டனைகள். அவற்றோடு பார்த்தால் என்னுடைய முட்டிக்கால் பெரிய முன்னேற்றம். தோப்புக்கரணமும் உண்டு. அதைத்தான் இப்போது ‘சூப்பர் பிரெயின் யோகா’ என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்கள். என் மூளைக்கு அந்தக் காலத்திலேயே எவ்வளவு செலவழித்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

மூன்றாம் வகுப்பில் நான் பள்ளியின் பேர்போன வாலு. பக்கத்திலிருப்பவனைக் கிள்ளுவது, சிலேட்டுக் குச்சியைத் தரையில் உருட்டிவிடுவது, சிலேட்டையே கீழே போடுவது. இதெல்லாம் எப்போது நடக்கும் என்று ஒருவராவது குறித்து வைத்திருந்தால் தெரிந்திருக்கும்: கணக்குப் பீரியடில். அதிலும் எழுத்துக் கணக்கு வரும்போது. எண்கள் எனக்குத் தெரியும். நாற்பதுக்கும் ‘நலவத்து’க்கும் பெரிய தூரமில்லை. ஒருவனிடம் நாற்பத்திரண்டு ஆடு இருந்தது என்பது வரை புரியும். அதற்குப் பிறகு அந்த ஆட்டுக்கு என்ன ஆனது என்பதுதான் பிடிபடாது. விற்றானா, வாங்கினானா, பாதி செத்துப்போனதா? அது தெரியாமல் கூட்டுவதா கழிப்பதா என்று எப்படி முடிவு செய்வது? மேஷ்ட்ரு ஒவ்வொருவனாக எழுப்பிக் கேட்டுக்கொண்டே வருவார். என் வரிசை வருவதற்குள் சிலேட்டு கீழே விழும்.

“ஹொரகெ ஹோகு!”

வெளியே போ. இந்தக் கன்னடம் மட்டும் எனக்கு நன்றாகப் புரியும். வெளியே ஒரு புளியமரம். அதன் கீழே சரளைக் கல்லில் முட்டிக்கால் போட வேண்டும். மேஷ்ட்ரு ஜன்னல் பக்கம் வந்து பார்ப்பது முதல் ஐந்து நிமிடம்தான். அதற்குப் பிறகு உட்கார்ந்துகொள்ளலாம். எதிரே ஓசூர் ரோடு. சேலத்து லாரி, மாம்பழம் ஏற்றிய லாரி, வைக்கோல் போர் ஒன்று தானே நகர்ந்து வருகிற மாதிரி ஒரு லாரி. கிளீனர்கள் கையாட்டுவார்கள். நான் பதிலுக்கு ஆட்டுவேன். மேஷ்ட்ருவின் கணக்கில் நான் தினமும் தண்டனை வாங்கினேன். என் கணக்கில் தினமும் தப்பித்தேன். இரண்டு தரப்புக்கும் லாபம் தரும் ஏற்பாடு என்பதால் அது வருடம் முழுக்க ஓடியது.

நான் மூன்றாம் வகுப்பிலிருந்த அந்த 1982-இல் கோகாக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் கன்னடம் படிக்க வேண்டும் என்று ராஜ்குமாரே தெருவுக்கு வந்தார். மாநிலமே எனக்குக் கன்னடம் கற்பிக்கத் துடித்த அந்த வருடத்தில்தான் நான் மரத்தடியில் உட்கார்ந்து லாரி எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதே 1982-இல் உலகத்தின் மறுமூலையில் நடந்த ஒரு காரியத்தைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில், பிரையன் இவாட்டா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும், தன்னைத்தானே கடித்துக்கொள்ளும் வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒன்பது பேரை அவர்கள் பார்த்தார்கள். அறைக்குள் நிலைமையை மாற்றி மாற்றி அமைத்தார்கள். ஒரு நேரம், பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். பிள்ளை மோதிக்கொண்டால் பாடத்தை நிறுத்துவார்கள். இன்னொரு நேரம், பெரியவர் ஒருவர் தன் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருப்பார். மோதிக்கொண்டால் ஓடிவந்து “ஐயோ, அப்படிச் செய்யாதே” என்பார். ஒரு நேரம், பிள்ளை தனியாக. ஒரு நேரம், பொம்மையோடு விளையாட்டு. பார்த்தால், பெரும்பாலும் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு நிலைமையில் அதிகம் மோதிக்கொண்டது. பார்வைக்கு ஒரே செயல். ஒருவனுக்கு அது பாடத்திலிருந்து தப்பிக்கும் வழி, இன்னொருவனுக்கு ஆளைக் கூப்பிடும் வழி, மற்றொருவனுக்கு வெளியே யாரும் சம்பந்தப்படாத, உடம்புக்குள்ளேயே கிடைக்கும் ஏதோ ஒன்று. காரணம் தெரியாமல் எல்லோருக்கும் ஒரே வைத்தியம் செய்தால், பாதிப் பேருக்கு அந்த வைத்தியமே பரிசாகிவிடும்.

புளியமரத்தடியில் இருந்தவன் இதைக் கேட்டால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டான்.

எங்கள் வகுப்பில் இன்னொருவன் இருந்தான். பெயர் வேண்டாம். அவன் கணக்கில் மட்டுமல்ல, எதிலும் உட்கார மாட்டான். கோயிலில் உட்கார மாட்டான், டூரிங் டாக்கீஸில் உட்கார மாட்டான், சோற்றுத் தட்டு முன்னால்கூட உட்கார மாட்டான். பேச்சும் நடையும் எப்போதும் யாரோ துரத்துகிற வேகத்தில் இருக்கும். என்னைவிட மூன்று பங்கு அடி வாங்கினவன் அவன்தான். அவனுக்கு மட்டும் எந்தப் புளியமரமும் உதவவில்லை. ஐந்தாவதோடு நின்றுவிட்டான். ஏடிஎச்டி என்பது கண்ட பிள்ளைக்கும் ஒட்டும் சீட்டில்லை. பன்னிரண்டு வயதுக்கு முன்னாலேயே தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடத்தில் தெரிய வேண்டும். தெரிந்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அவனைப் போன்றவனை இன்று ஒரு டாக்டராவது உட்கார வைத்துப் பார்த்திருப்பார். அன்றைக்குத் திமிர் என்ற ஒரே பெட்டிக்குள் அவனையும் என்னையும் சேர்த்துப் போட்டார்கள். இன்றைக்கு ஏடிஎச்டி என்ற பெட்டிக்குள் அவனைப் போன்றவனோடு என் பேரனையும் சேர்த்துப் போடுகிறார்கள். பெட்டி மாறியிருக்கிறது.

டாக்டர் என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது. அதே ஓசூர் ரோட்டில் வடக்கே போனால் நிமான்ஸ் என்ற மனநல ஆஸ்பத்திரி. எங்கள் லைன் வீட்டில் அது ஆஸ்பத்திரியின் பெயரில்லை, வசவு. “இன்னொரு தரம் பண்ணு, நிமான்ஸுல விட்டுட்டு வந்துடறேன்” என்றால் எந்த வாலும் சுருண்டுகொள்ளும். பூச்சாண்டி, பிள்ளை பிடிக்கிறவன், ஊசி போடுகிற கம்பவுண்டர் வரிசையில் அதுவும் ஒன்று. இப்போது அங்கே குழந்தை மனநலப் பிரிவில் டோக்கன் வாங்க எங்கள் அபார்ட்மெண்ட்காரர்கள் விடியற்காலையில் கிளம்புகிறார்கள். ஃபோன், கேம் என்று மூழ்கிப்போன பிள்ளைகளுக்காகவே 2014-இல் ‘ஷட் கிளினிக்’ என்று தனியாக ஒன்று அங்கே தொடங்கினார்கள். வீட்டிலிருந்தே கேட்க வேண்டுமென்றால் 14416, டெலிமானஸ். 2022 அக்டோபரில் வந்தது, தமிழிலும் பேசலாம். என் அப்பா இதையெல்லாம் கேட்டால், பிள்ளை முரண்டு பிடிப்பதற்கு கவர்ன்மெண்டில் ஃபோன் நம்பரா என்று சிரித்திருப்பார்.

பேரன் கதைக்கு வருகிறேன்.

ராகிக் கொல்லை இருந்த இடத்தில் பன்னிரண்டு மாடி. அதில் ஏழாவது மாடியில் மகள், மாப்பிள்ளை, பேரன், நாங்கள் இருவர். மகளுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்து. மாப்பிள்ளைக்கு வெளிவட்டச் சாலையில் ஆபீஸ். பேரனைச் சேர்த்திருக்கும் பள்ளியின் பெயரில் ‘இன்டர்நேஷனல்’ உண்டு. சேர்த்த அன்று மாப்பிள்ளை பிரின்சிபாலிடம் சொன்னதையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். “மேடம், எங்க பையன்கிட்ட யாரும் குரலை உயர்த்திப் பேசக் கூடாது.” மேடம் புன்னகைத்து, தங்கள் பள்ளியில் அந்த வழக்கமே கிடையாது என்றார். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனையையும் மனதை வருத்தும் தொல்லையையும் 2010 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தடை செய்திருக்கிறது. நல்ல சட்டம். அதற்கு மூன்று வருடம் முன்பு மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் பிள்ளைகளில் 65 சதவீதம் பேர் அடி வாங்கியதாகச் சொல்லியிருந்தார்கள். தோல் உரித்தது எங்கள் மேஷ்ட்ரு ஒருவரில்லை.

கொஞ்ச நாளில் பள்ளியிலிருந்து மெயில் வர ஆரம்பித்தது. எவ்வளவு மரியாதையான மெயில்! உங்கள் குழந்தை தன் உணர்ச்சிகளைக் கையாளும் பயணத்தில் இருக்கிறான், இன்று இரண்டு நண்பர்களைக் கடித்தான். அதனால் அவனை ‘அமைதி மூலை’க்கு அழைத்துச் சென்றோம், தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

ஒரு நாள் அவனைக் கூட்டி வரப் போனபோது அந்த மூலையைப் பார்த்தேன். நீல நிற பீன்பேக். மெத்தென்ற யானைப் பொம்மை. ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் மினுமினுக்கும் தூள் மேலும் கீழும் மிதக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அதே ஓசூர் ரோடு. மேலே மெட்ரோ போகிறது. மிஸ்ஸிடம் மெல்ல விசாரித்தேன். கடிப்பது எப்போதாம்மா? “மோஸ்ட்லி ரைட்டிங் டைம்ல, அங்கிள்.”

சரளைக் கல் ஒன்றுதான் குறை.

வீட்டிலும் நிலவரம் சுமார்தான். ஃபிரிட்ஜ் கதவில் நட்சத்திர அட்டை ஒட்டியிருந்தார்கள். நல்ல பிள்ளையாக இருந்தால் ஒரு நட்சத்திரம். இரண்டாம் நாளே அவன் நட்சத்திரத் தாளைத் தேடி எடுத்து, மொத்தத்தையும் தன் வயிற்றில் ஒட்டிக்கொண்டு நின்றான். மகள் இன்ஸ்டாவில் யாரோ வெள்ளைக்காரி சொல்லித்தந்தபடி, தரையில் புரண்டு அலறுகிறவன் பக்கத்தில் மண்டியிட்டு, “உனக்குக் கோபமா இருக்கு, அம்மாவுக்குப் புரியுது, உனக்கு ரொம்பக் கோபமா இருக்கு” என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருப்பாள். அழகான காட்சி. ஆபீஸ் லேப்டாப்பை மூடிவிட்டு, ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அம்மா அவனை முழுசாகப் பார்ப்பது ஒரு நாளில் அந்த நேரம் மட்டும்தான் என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது.

கடைசியில் குழந்தைகளுக்கான ஆலோசகர் ஒருவரிடம் போனோம். சின்ன வயது மேடம், தெலுங்குக்காரர், நம் தமிழையும் சமாளிப்பார். வியாதிப் பட்டியலை மகள் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்விகள் எங்களைக் கொஞ்சம் ஏமாற்றிவிட்டன. காது வலி உண்டா? மலச்சிக்கல்? தூக்கம் எத்தனை மணி நேரம்? கண் சோதித்தீர்களா? பூச்சி மாத்திரை கொடுத்தீர்களா? உடம்பில் வலி இருக்கிற பிள்ளை அதைச் சொல்லத் தெரியாமல் அடுத்தவனைக் கடிக்கும், முதலில் அதைப் பார்த்துவிடுவோம் என்றார். என் மனைவி அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தாள். 2015-இலிருந்து பிப்ரவரி 10-ஆம் தேதி பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் கொடுக்கும் நாளாக இருக்கிறது. அந்தத் திட்டமே தன் யோசனை என்கிற மாதிரி எங்களைப் பார்த்தாள்.

அடுத்து மேடம் ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொரு ரகளைக்கும் மூன்று விஷயம் எழுதி வாருங்கள்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், செய்த பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. காரணம் எழுத வேண்டாம். பிடிவாதம், பொறாமை, செல்லம் இந்தச் சொற்கள் எதுவும் வேண்டாம். கேமரா பார்ப்பதை மட்டும்.

மகளும் மாப்பிள்ளையும் இதற்கு ஆப் இருக்கிறதா என்று ஃபோனில் தேடிக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருடம் பொம்மசந்திராவில் மெயின்டனன்ஸில் இருந்தவன் நான். லேத் நின்றுபோனால் பிரேக்டவுன் ரிஜிஸ்டரில் என்ன எழுதுவோம்? எத்தனை மணிக்கு நின்றது, நிற்கும்போது என்ன ஜாப் ஓடியது, என்ன செய்ததும் மறுபடி ஓடியது. மெஷினுக்குத் திமிர் என்று ஒரு சூப்பர்வைசரும் எழுதினதில்லை. எழுதினால் பிளாண்ட் மேனேஜர் எங்கள் தோலை உரித்திருப்பார். ஜப்பான்காரன் சொல்லித்தந்த ‘வொய்-வொய்’ வேறு. ஏன் நின்றது, ஃபியூஸ் போனது. ஏன் போனது, லோடு கூடியது. ஏன் கூடியது, பேரிங் இறுகியது. ஏன், எண்ணெய் போகவில்லை. இப்படி ஐந்து ஏன் வரைக்கும் விட மாட்டார்கள். பட்டறையில் இரும்புக்குக் கொடுத்த இந்த மரியாதையை அந்த ஊரில் ஒருவரும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குக் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

மளிகைக் கடையில் நீள நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன். சில வரிகளை அப்படியே தருகிறேன்.

திங்கள், மாலை 6.50. முன்: அம்மா ஹெட்ஃபோன் மாட்டினாள். செய்தது: தண்ணீர் பாட்டிலை லேப்டாப் மேல் கவிழ்த்தான். பின்: அம்மா கால் மணி நேரம் பேசினாள் (திட்டினாள்).

செவ்வாய், காலை 7.10. முன்: பாட்டி மிக்ஸி போட்டாள். செய்தது: காதைப் பொத்திக்கொண்டு அலறினான், பாட்டியை உதைத்தான். பின்: மிக்ஸி நின்றது. சட்னி பாதி.

செவ்வாய், மாலை 6.45. முன்: ஹெட்ஃபோன். செய்தது: சோபாவின் மேலிருந்து குதித்தான், திரும்பத் திரும்ப. பின்: அம்மா வந்து தூக்கிக்கொண்டாள்.

சனி, மெட்ரோ ஸ்டேஷன். முன்: ரயில் போய்விட்டது. அடுத்தது எப்போது என்று கேட்டான், வரும் என்றோம். செய்தது: பிளாட்பாரத்தில் படுத்தான். பின்: தாத்தா ஃபோன் கொடுத்தார்.

மெட்ரோ விஷயத்தில் அவன் பக்கமும் நியாயம் உண்டு. மஞ்சள் வழித்தடம் திறந்தது 2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி. முதலில் மூன்றே ரயில், 25 நிமிடத்துக்கு ஒன்று. பல வருடம் காத்திருந்த பெரியவர்களே பிளாட்பாரத்தில் முணுமுணுத்தார்கள். ‘வரும்’ என்பது நாலு வயதுக்காரனுக்கு ஒரு பதிலா?

நோட்டு பாதி நிரம்பியதும் மேடம் புரட்டிப் பார்த்தார். அலறல் எல்லாம் ஒரே சுருதிதான். ஆனால் மாலையில் அலறுவது அம்மா வேண்டும் என்று. பள்ளியில் கடிப்பது எழுத்து வேண்டாம் என்று. மிக்ஸிக்கு அலறுவது காது உண்மையிலேயே தாங்காமல். மெட்ரோவில் அலறுவது ஃபோனுக்காக, அல்லது எவ்வளவு நேரம் என்று தெரியாததற்காக. இத்தனைக்கும் சேர்த்து ஒரே நட்சத்திர அட்டையை ஒட்டியிருந்தோம்.

வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஹெட்ஃபோன் மாட்டுவதற்கு முன்னால் பத்து நிமிடம் அம்மா தரையில் உட்கார்ந்து அவன் சொல்வதை விளையாட வேண்டும். கவிழ்த்த பிறகு கிடைப்பதை, கவிழ்ப்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுவது. மிக்ஸி போடுமுன் சொல்லிவிட்டு, அவனைப் பால்கனிக்கு அனுப்புவது. மெட்ரோவில் பெட்டிகளை, தூண்களை எண்ண ஒரு வேலை கொடுப்பது. பள்ளிதான் கடினம். விரல்களில் இன்னும் பலம் ஏறவில்லை, நாலு வயதில் இரண்டு பக்கம் கர்சிவ் எதற்கு என்று மேடம் கடிதம் எழுதினார். அரைப் பக்கமாகக் குறைத்தார்கள். அதோடு, எழுத முடியாதபோது கடிக்காமல் “மிஸ், பிரேக்” என்று சொல்லக் கற்றுத்தந்தார்கள். சொன்னால் இரண்டு நிமிடம் விட வேண்டும், மறுபேச்சு கூடாது. முதல் வாரம் ஒவ்வொரு எழுத்துக்கும் பிரேக் கேட்டான். கொடுத்தார்கள். அதற்கும் பொறுமை வேண்டும்தான்.

இதற்குப் பின்னாலும் ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு. 1985-இல் எட்வர்ட் கார், மார்க் டூராண்ட் என்ற இருவர் நாலு பிள்ளைகளை வைத்துச் செய்தது. பாடம் கடினமானால் ரகளை செய்கிற பிள்ளைக்கு, புரியவில்லை என்று சொல்லக் கற்றுத்தந்தார்கள். ஆள் கவனிக்காவிட்டால் ரகளை செய்கிற பிள்ளைக்கு, நான் சரியாகச் செய்கிறேனா என்று கேட்கக் கற்றுத்தந்தார்கள். ரகளை இறங்கியது. வாக்கியத்தை மாற்றிக் கற்றுத்தந்தபோது இறங்கவில்லை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ‘நனகெ அர்த்த ஆகலில்ல’. எனக்குப் புரியவில்லை. மூன்று சொல். மூன்றாம் வகுப்பில் அதை எனக்குக் கன்னடத்தில் சொல்லத் தெரியாது. ஒரு வருடம் முழுக்க சிலேட்டுதான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அதை இன்றும் ஏதோ ஒரு சிலேட்டு சொல்லிக்கொண்டிருக்கும். ஹெப்பகோடி லைன் வீடுகளில் இப்போது தமிழ் குறைவு. ஒடியா, அசாமி, வங்காளி, பீகார் இந்தி. அம்மா கார்மெண்ட்ஸில் காலை எட்டரைக்கு உள்ளே போனால் மாலைதான் வெளியே. முப்பது பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகளுக்கு க்ரெஷ் வைக்க வேண்டும் என்று பழைய ஃபேக்டரி சட்டத்தின் 48-ஆம் பிரிவு சொன்னது, அதுவும் ஆறு வயது வரைக்கும்தான். ஏழு வயது ஒடியாப் பையன் கன்னட வகுப்பில் உட்கார்ந்து ஆட்டுக்கு என்ன ஆனது என்று யோசித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு மெயில் அனுப்பவும் ஆளில்லை, நீள நோட்டில் எழுதவும் ஆளில்லை. அவன் வரையில் இது இன்னும் 1982-தான்.

ஃபோனைப் பிடுங்கியதைச் சொல்லாவிட்டால் கதை முழுசாகாது. இரண்டு முதல் ஐந்து வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம். இவன் சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு மணி நேரம் பார்ப்பவன். நிறுத்தினால் முதலில் இரண்டு மடங்கு அலறுவான், அதற்குப் பிறகுதான் இறங்கும், நடுவில் யாரும் தளரக் கூடாது என்று மேடம் எச்சரித்திருந்தார். முதல் நாள் நாற்பதாவது நிமிடம் என் மனைவி, “பிள்ளை நீலம் பாரிச்சுப் போச்சுங்க” என்று ஃபோனைக் கொடுத்துவிட்டாள். மறுநாள் அவன் அலாரம் வைத்த மாதிரி நாற்பது நிமிடம் நிதானமாக அலறினான். எவ்வளவு கட்ட வேண்டும் என்று விலை தெரிந்துவிட்டதல்லவா. ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் என்பவர் இந்தப் பேரத்தைப் பற்றி, அதுவும் 1982-இலேயே, ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். பிள்ளை கத்துகிறது, பெரியவர் விட்டுக்கொடுக்கிறார், பிள்ளை அடங்குகிறது. பிள்ளைக்குக் கத்தினால் கிடைக்கும் என்ற பாடம், பெரியவருக்கு விட்டுக்கொடுத்தால் அமைதி என்ற பாடம். யார் யாரை வளர்க்கிறார்கள் என்றே சொல்ல முடியாது. அடுத்த ஒரு வாரம் பாட்டியைத் தங்கை வீட்டுக்கு அத்திப்பள்ளிக்கு அனுப்பி வைத்தோம்.

கடிப்பது நின்றுவிட்டது. ஹெட்ஃபோனுக்கு இப்போது முணுமுணுப்போடு சரி. வியாழக்கிழமை மாலை மட்டும் இன்னும் ஒரு ஆட்டம் ஆடுகிறான். சாய்பாபா பஜனை மைக்காக இருக்கலாம் என்று கட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நோட்டில் பக்கம் மிச்சமிருந்தது. பழக்கதோஷம், சும்மா இருக்க முடியவில்லை.

புதன், இரவு 9.40. முன்: சில்க் போர்டு டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம். செய்தது: மாப்பிள்ளை பையைச் சோபாவில் வீசினார், இந்த வீட்டுல ஒரு சாமானாவது வச்ச இடத்துல இருக்குதா என்று கத்தினார். பின்: டிவி நின்றது, எல்லோரும் எழுந்து நின்றோம், ஐந்து நிமிடத்தில் முறுகலாகத் தோசை வந்தது.

மகள் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்பா, இது மட்டும் அவர் கண்ணுல பட்டுச்சுன்னா அவ்வளவுதான்.” அப்புறம் பேனாவை வாங்கி, கடைசிக் கட்டத்தில் எழுதினாள்: நாளையிலிருந்து தோசை 9.35-க்கு.